பதினோரு நிமிடம்

கிடினியா துறைமுகத்து மதுக்கடையில்
ஏழாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது
மின்சாரம் போனது.
திரும்பி வந்தபோது,
நான்காம் பகுதியில் செத்துப்போன கேப்டன்
உட்கார்ந்து
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலம் மடிந்துவிட்டது, சட்டையைப் போல
என்றார் கிரேன் ஓட்டும் ஸியெமோவித்.
மடிந்தால் தலைமுடி எப்படி வளரும்
என்றாள் பொகுமிலா.
மீன்பெட்டி அடுக்கும் தியோஃபில்
குளோன், குளோன் என்று மேஜையைத் தட்டினான்.
எழுதினவனுக்கே தெரியாது என்று
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஒருவர்
கதவுவரை போய், பனியைப் பார்த்து,
திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வழக்கெல்லாம்
அந்தப் பதினோரு நிமிட இருட்டின் மேல்தான்.
நானும் என் பங்குக்கு
ஓர் இரட்டைச் சகோதரியைப் பெற்றுப்போட்டேன்.

ஞாயிறன்று பொகுமிலா
வீட்டில் முழுதும் பார்த்துவிட்டு வந்தாள்.
சூழ்ந்துகொண்டோம்.
"ஒரு ஆரஞ்சை உரிக்கிறாள்.
அவ்வளவுதான்.
பேச்சில்லை, இசையில்லை.
கடைசியில் ஒரு விதை மிதந்துபோய்
ஜன்னலில் முட்டுகிறது."

யாரும் நம்பவில்லை.
ஸியெமோவித் மட்டும் கேட்டார்:
எத்தனை சுளை?
எண்ணவில்லை என்றாள்.
அதற்காக மூன்று நாள்
அவளோடு பேசவில்லை மனிதர்.

இன்று மறுபடி வியாழன்.
ஆறு மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன.
பியூஸ் பெட்டியருகே டார்ச்சோடு தியோஃபில்.
மேஜைமேல் யாரோ
ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி வைத்திருக்கிறார்கள்.
என்னுடையதில் பத்துச் சுளை.
தன்னுடையதில் பதினொன்று என்கிறார் ஸியெமோவித்,
கையை மூடிக்கொண்டு.