உள்ளான்

கோத்தகிரிச் சோலைக்குள் ஆறு மணிக்கு
முதலில் நுழைவது சுக்கின் மூக்கு.
அப்புறம் கயிறு. அப்புறம் நான்,
கழுத்தில் ஆவி படிந்த பைனாகுலர்.

ஆனியில் அட்டைகள்.
எனக்குக் காலில் உப்புத்துணி;
சுக்கின் காதுமடலில் ஒன்று கொழுத்துத் தொங்கியது.
ஓடைக்கு மேலே சீகாரப் பூங்குருவி
பள்ளிக்கூடம் போக மனமில்லாத பையன் மாதிரி
பாதி மெட்டோடு விசிலை விட்டுவிட்டது.

புரட்டாசியில் சாம்பல் வாலாட்டி வந்திறங்கியது,
அதே மதகு, அதே கல்.
சுக்கு குரைக்கவில்லை.
பழைய குத்தகைக்காரர், இருக்கட்டும்.

ஐப்பசி மழையில் பதினோரு நாள் போகவில்லை.
நோட்டில் வெற்றுப் பக்கம்,
அதில் ஒரு சேற்றுப் பாதம்.

காட்டு உள்ளானுக்கென்று ஒரு வரி போட்டு
மூன்று குளிர்காலமாய் எழுதிவருகிறேன்:
இல்லை. இல்லை. இன்றும் இல்லை.

இந்தத் தையில்,
உறைபனிப் புல் காலடியில் நொறுங்கிய காலை,
சுக்கு முன்காலொன்றைத் தூக்கியபடி
அப்படியே நின்றுவிட்டது.
பார்த்தேன், சருகு.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், சருகு.
சருகுக்கு ஒரு கண் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
மூவரில் யாரும் முதலில் அசைய விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன்:
பார்த்தது சுக்கு. சாட்சி நான்.
உள்ளான்.