பெல்கிரேடுக்கு நானூறு ஜோடி

சரக்கு கப்பலேறுமுன் சரிபார்க்க
ராணிப்பேட்டைக்கு வந்தவன் பெயர் ராடோயே.
"ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டையைக் காட்டிவிடு கிருபாவதி,
உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்" என்றார் மேனேஜர்.
ஓவர்டைம் உண்டா என்று கேட்டேன்.
சிரித்தார்.

அகழியை எட்டிப் பார்த்துவிட்டு
எங்களிடமும் ஒரு கோட்டை உண்டு என்றான்,
இரண்டு ஆறு கூடுகிற மேட்டில்.
எங்கள் பாலாறு லாரியில் ஓடும் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

ஆயிரத்து எண்ணூற்று நான்கில்
ஊர்த்தலைவர்களைத் தேடித் தேடி வெட்டினார்களாம்.
பன்றி மேய்த்தவர்கள் துப்பாக்கி எடுத்தார்களாம்.
விழுந்து, எழுந்து,
இருபத்தாறு வருஷம் கழித்து சுயாட்சி:
கப்பம் கட்டணும், கோட்டை அவர்களிடமே.
சாவி கைக்கு வர இன்னும் முப்பத்தேழு.
வந்த பிறகும் சுல்தான் கொடி
பக்கத்திலேயே பறந்ததாம்,
காலி செய்த வீட்டுக் கொடியில்
பழைய குடித்தனக்காரன் விட்டுப்போன லுங்கி மாதிரி.
(லுங்கி நான் சேர்த்தது.)

"உங்களுடையது எத்தனை வருஷம்?"

வருஷமா?
விடியுமுன் சுட்டார்கள். புலிக்கொடி ஏறியது.
ஆற்காட்டிலிருந்து குதிரைகள் வந்தன.
பிற்பகல் பார்க்க அது இல்லை.
அதே ரோட்டில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்,
எதிர்த்திசையில், நின்றபடி.

"எதற்காக எழுந்தார்கள்?"
நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது,
புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் என்றேன்.
தோலா என்று தன் காலைப் பார்த்தான்.
எங்கள் சரக்குதான், போன வருஷ மாடல்.
தலையில் தோல் பட்டதற்கு அத்தனை ரத்தம்;
பொழுதுக்கும் தோலிலேயே கிடக்கிற எங்கள் தெருவுக்கு
அதில் என்ன பங்கு என்று
அவனிடம் நான் கேட்கவில்லை.
யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தேன்.
ஜீரா முழங்கைக்கு வழிய,
"துருக்கிக்காரன் போய்விட்டான்,
இந்த மாதிரி இனிப்பு போகவில்லை" என்றான்.
அன்றைக்கு அவனைப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை
டார்ச் அடித்து முப்பத்தொரு ஜோடியைத் தள்ளினான்.
தையல் நெருக்கம் போதாதாம்.
பதினொன்று என் மிஷினில் தைத்தவை.
"இங்கே கையெழுத்து" என்று
பேடா தின்ற அதே விரலால் காட்டினான்.

ஸ்கேலை எடுத்தேன்.
அங்குலத்துக்கு எட்டு.
அடுத்ததை எடுத்தேன்.
எட்டு.
மேனேஜர் கண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.
பேனாவின் மூடியை
நான் இன்னும் திறக்கவில்லை.