தேயாத பல்

மதுரையில் வாங்கிய நாடாப்பாசிக் கொத்து.
ஈரத்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்,
திருப்பத்தூர் தாண்டும்வரை பிரிக்கவில்லை.
பிரித்தபோதும்
இலையடியில் கஞ்சித்துளிபோல் ஒட்டியிருந்ததைப்
பார்க்கவில்லை.

பல்செட் கட்டுகிறவன் நான்,
காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
காத்திருப்பவர்களுக்காக வைத்த தொட்டி அது:
மூன்றடி, ஒரு வேர்க்கட்டை,
அதைக் கவ்விக்கொண்ட ஜாவா ஃபெர்ன்,
பன்னிரண்டு நியான்.
என்னிடம் வாய்திறக்கக் கூசுகிறவர்கள்
அதன்முன் வாய்பிளந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறே வாரம்.
கண்ணாடியெல்லாம் நத்தை,
கடுகளவில், மிளகளவில்,
இலைகளில் ஊசி குத்திய ஓட்டைகள்.
மேல்வரிசைக்கு அளவு கொடுக்க வந்த
பள்ளத்தூர் டீச்சர் உண்ணாமலை
எண்பத்தொன்றுவரை எண்ணிவிட்டுக் கேட்டார்:
“மீனும் வளக்குறியளா?”

சபுருதீன் கடையில் முதலில் காட்டியது கோமாளி லோச்.
ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை,
கட்டைவிரல் நீளம்.
வாங்கியிருப்பேன்.
“இது முழங்கையாகும்ணே, மெதுவா.
ஒண்டியா விட்டா ஒளிஞ்சுக்கும்,
ஆறாவது வேணும்.”
என் மூன்றடிக்குள் ஆறு முழங்கைகளை
மடக்கிப் பார்த்தேன்.

தங்கமீன் குட்டிநத்தையைத் தின்னும்,
கூடவே தோட்டத்தையும்.
சிக்லிட் விட்டால் சரளையை உழுதுவிடும்,
விடியும்போது நட்டதெல்லாம் மிதக்கும்.
ஒரு நீலமருந்துப் புட்டியை நீட்டினான்.
செத்த நத்தை நாறுமே என்றேன்.
நாறும் என்றான்.

திரும்பும் வழியில் சந்தை.
அலுமினியக் குண்டானில் அயிரை,
உயிரோடு, ஒன்றுக்குள் ஒன்று முடிந்துகொண்டு.
அதே மீசை, அதே கவிழ்ந்த வாய்.
இதுவும் லோச்தானே!
“ஆறு குடுங்க.”
“ஆறு கிலோவா?”
“ஆறு மீனு.”
செகப்பாயி பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவை மணலுக்குள் போனதுதான்.
நத்தைகள் அவற்றின் தலைமேல் நடந்தன.
மீசைமட்டும் வெளியே.
குறைசொல்ல மாட்டேன்,
சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அப்படித்தான்.

மறுபடி சபுருதீன்.
ஒரு பிளாஸ்டிக் கோப்பையில்
பட்டாணி பஃபர், ஒன்றே ஒன்று.
ஒரு கண் என்னைப் பார்த்தது,
மறுகண் அவனை.
“இலையைத் தொடாது. ஆனா வால் கடிக்கும்,
நியான் கூட ஆகாது.
இதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும்ணே,
ஓட்டைக் கடிச்சுத் தேய்க்கணும்.
இல்லேன்னா வாய் மூடாம
பட்டினியில போயிரும்.”

இருபத்திரண்டு வருஷம்
வளராத பல்லை அராவிக்கொண்டிருக்கிறேன்.
விலை கேட்கவில்லை.

நியான்கள் கீழே மருந்துக்கடைக்குப் போயின.
அயிரைகள் மணலைவிட்டு வரமறுத்தன, இருக்கட்டும்.
விட்டதும் பட்டாணி
ஒரு நத்தைமுன் நின்றது.
வாலைச் சுருட்டியது, யோசித்தது.
டிக்.
எனக்குத் தெரிந்த சத்தம்.
புதுச்செட் மாட்டி, நீலத்தாள் வைத்து
கடிங்க என்பேனே, அது.
காலி ஓடு ஆடியாடி இறங்கியது.

இருபதாம் நாள் நத்தை இல்லை.
உண்ணாமலை டீச்சர் புதுப்பல்லால் சிரித்துப் பாராட்டினார்.
நாடாப்பாசி மேல்மட்டம் தொட்டு மடிந்து
நீரோட்டத்தில் சாய்ந்திருந்தது.
இவ்வளவு பச்சையை நான் நினைத்ததே இல்லை.
பட்டாணி மட்டும் கண்ணாடியோரம்
மேலே கீழே, மேலே கீழே.
குருணைத் தீனியை வாங்கித் துப்பியது.
ஒரு கண்ணால் பார்த்தது.

“நத்தை இருக்கா?” என்று கேட்டேன்.
சபுருதீன் சிரிக்கவில்லை, அது அவன் நல்ல குணம்.
ஒரு பையில் அள்ளி, காற்று ஊதி,
ரப்பர்பேண்ட் போட்டான்.
“நாப்பது ரூபா.”

மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில்
இப்போது ஒரு நீல வாளி.
தினம் காலை, கடை திறக்குமுன்
வெள்ளரித்துண்டு போடுகிறேன்.
மெல்லிசாகத்தான் நறுக்குகிறேன்.
அதுகளுக்குப் பல் உண்டா என்று
இன்னும் தெரியவில்லை.