பாண் ஓட்டோ

இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது.
அட்டையை நீட்டினால் செம்மஞ்சளாய் ஒரு பொட்டு,
எடுத்தால் வெறும் மேசை.
"இதில ஒண்டுமில்லையே" என்று
நடுவில் கையை வைத்தான் துவாரகேசன் ஒருநாள்.
எட்டு மணித்தியால வேலை போனது.

டயோட்டை விட்டு வரும்போது அது முட்டை வடிவம்.
இரண்டு பட்டகம் வைத்து வட்டமாக்கினோம்.
தலைமயிரிலும் சிறிய துளையொன்றுக்குள் நுழைத்து
அழுக்கையெல்லாம் வாசலிலேயே கழற்றச் சொன்னோம்.
பிறகு விரித்தோம், உள்ளங்கை அகலத்துக்கு,
நடுவும் கரையும் ஒரே பிரகாசமாய்.
கரையில் விழும் அணுவும் அணுதானே.

அலைமுகம் கொஞ்சம் வளைந்தாலும் போச்சு.
தன் வளைவை நிலத்தின் கணக்கில் எழுதிவிடும்,
இல்லாத குழியை இருக்கிறதென்று சொல்லும்.
கிளிநொச்சியில் இருந்துகொண்டு
அந்தப் பொய்யை நாங்கள் சொல்ல ஏலாது.

நிறத்துக்கும் ஒரு பூட்டு வேண்டும்.
கண்ணாடிக் குப்பிக்குள் கொஞ்சம் ருபீடியம் ஆவி,
அது விழுங்குகிற நிறத்தில் மயிரளவும் பிசகாது.
அந்த இடத்தில் லேசரைப் பூட்டவேண்டும்,
வண்டியில் குழப்படி மாட்டைப் பூட்டுவதுபோல:
பின்வாங்கினால் தட்டு, முந்தினால் இழு,
விநாடிக்குப் பல்லாயிரம் தரம்.

காண்டாவனத்து வெக்கையில் கழன்றது. ஏசி மாற்றினோம்.
கரண்ட் போய்க் கழன்றது. பற்றறி வைத்தோம்.
ஏ-ஒன்பதில் லொறி போனாலும் கழன்றது.
மேசைக்கடியில் காற்றடித்த சைக்கிள் ரியூப் நாலு.
பிறகும்
விடியக்காலை ஆறேகாலுக்கு,
ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும்.

ஆறு கிழமை.
யானை வேலி மின்சாரம் என்றான் துவாரகேசன்.
விடுதித் தண்ணீர்ப் பம்ப் என்றேன் நான், சண்டை கூடப் பிடித்தேன்.
நித்திரை முழித்த ஒரு விடியலில், சும்மா,
பிழைச் சைகையை ஸ்பீக்கரில் போட்டேன்.
இரைச்சல்.
இரைச்சல்.
இரைச்சலுக்குள் மெல்ல மெல்ல ஒரு மெட்டு.

பாண் ஓட்டோ!

ஏதோ ஒரு கண்ணாடியின் தாங்கி அந்தச் சுருதிக்கு
இத்தனை நாளும் தலையாட்டியிருக்கிறது.
வயிறு நோகச் சிரித்துக்கொண்டே கேற்றுக்கு ஓடினோம்.

அமிர்தநாயகம் அண்ணை ஓட்டோவை நிறுத்தினார்,
பாட்டையும் நிறுத்தினார், எல்லாம் கேட்டார்.
அணுக்களைக் குளிரப்பண்ணி விழவிடுவதை,
கீழே வெறுமை என்றால் அவை ஒரு துளி
மெதுவாய் விழுவதை,
தூர்ந்த கிணறு, குளக்கட்டுக்குள் அரிப்பு,
இப்படியானதைக் கிண்டாமலே காணலாம் என்பதை.

கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.
"எவ்வளவு சின்னனைக் காட்டும் பிள்ளை?"
"ரெண்டு மீற்றர் அகலமாவது இருக்கோணும் அண்ணை."
இரண்டு கையையும் ஓர் அளவுக்கு விரித்தார்.
பார்த்தார்.
இன்னும் கொஞ்சம் ஒடுக்கினார்.
பிறகு கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
"அப்ப சரி" என்றார்.
இரண்டு பாணுக்குக் காசு வாங்கி மூன்று தந்தார்.

எங்கள் பலகையில் எழுதியிருந்த இரண்டை அழித்து
ஒன்று தசம் ஏழு என்று எழுதியிருக்கிறான் துவாரகேசன்.
எப்படி என்று கேட்டால்
இன்னும் தெரியாது என்கிறான்.
அது ஒன்று தசம் ஏழானாலும் போதாது,
அவனுக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் எங்கள் மதில் தொடங்குகிற இடத்தில்
அண்ணை பாட்டை நிறுத்துகிறார்,
மதில் முடிந்ததும் போடுகிறார்.
ஆறேகாலுக்குத் திரையில் கோடு
நேராகவே போகிறது.
சத்தம் கேட்காததால்
அநேகமான நாட்களில் பாண் வாங்க மறந்துவிடுகிறோம்.