பெட்டி பதினேழு

ஜி.டி.பி. நகரில் ஏறியதுமே
கூட்டம் என் முழங்கையை மடக்கி என் விலாவிலேயே சொருகியது.
பரவாயில்லை, ஒரு கட்டைவிரல் போதும்.
திரைக்குள் நீலத்தொப்பிக்காரி சைக்கிள் மிதிக்கிறாள்
பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு,
அந்த முனையிலிருந்து மறுபடி இந்த முனைக்கு.
முதுகுப் பையில் ஐந்து முட்டை.
ஐயாயிரம் அடி போனால் ஒன்று பொரியும்.
நான் நிற்கிறேன், ரயில் ஓடுகிறது,
அடிக்கணக்கு அவள் பெயரில் ஏறுகிறது.

செம்பூருக்குள் மூன்று பொரிந்தன.
மூன்றும் சேற்றுவாலன்கள். மூன்றும் கோழை.

தாயைப் போலப் பிள்ளை என்பது
இங்கே பழமொழி இல்லை, சட்டம்.
தாய் சேற்றுவாலன் என்றால் பிள்ளையும் சேற்றுவாலன்.
தகப்பன் யாராகவும் இருக்கலாம்,
சிறகுள்ளவன், கல்தோலன், நெருப்புக் கக்குகிறவன்.
அவன் விட்டுப்போவது ஒரே ஒரு வித்தை.
(எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. சரி, விடு.)

வாங்குகிற பிள்ளைகளுக்குத் துணிவுள்ளது வேண்டும்,
ஆறு கட்டமும் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும்.
அறுநூறு ரூபாய். அம்மாவின் போனிலிருந்து வரும்.
நிரம்பியது ஒன்று பொரிவதற்குள் நாற்பது குறை.
குறைகள் பெட்டி பதினேழில் கிடக்கும்,
முப்பது சேர்ந்ததும் ‘விடுவி’.
‘நலமாக இருக்கட்டும்’ என்கிறது திரை,
கணபதிக்குப் பிறகு இருநூற்றுப் பத்து முறை.
எங்கே போய் என்று சொல்வதில்லை.

பொவாயிலிருந்து நீரவ் எழுதியிருக்கிறான்.
ஜெபக்கனியில் பாதியைத்தான் விளையாட்டு ஏற்றுக்கொண்டது,
அதனால் அவனுக்கு நான் ஓர் ஆண்பிள்ளை.
இந்தியில்தான் எழுதுகிறான், எனக்குள் தமிழாக விழுகிறது:
‘ஜெபக் அண்ணா, நான் சொன்னா கேக்கவே மாட்டேங்குது.
அடின்னா தூங்குது. உன்னைத் தேடுதா?’

அடுத்தவர் பொரித்ததை அடக்க
ஆறு பதக்கம் வேண்டும், உன்னிடம் நாலுதான் என்று
முதல் பாதிக்குப் பதில் போட்டேன்.
மறுபாதிக்கு விரல் நகரவில்லை.

மான்குர்ட் தாண்டி வாசி பாலம்.
வாசலில் தொங்கிய அக்கா
பூஜையில் வாடிய பூவைப் பிளாஸ்டிக் பையோடு
கழிமுகத்தில் எறிந்துவிட்டு
அந்தக் கையையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

காப்பகத்துக்குப் போனேன்.
முட்டை வேண்டுமா என்றாள் ஏப்ரன்காரி, வழக்கம்போல.
வேண்டாம், தாயைக் கொடு.
இத்தனை நாள் சோற்றுக்காசு என்றாள். கட்டினேன்.

ஒரு சண்டைக்கும் போகாமல்
நான் நடந்த நடையிலேயே வளர்ந்து
நிலை அறுபத்தொன்று.
நான் சொல்லிக்கொடுத்த நாலு வித்தையும் உதிர்ந்து
தானாக முளைத்த நாலு இருந்தன.
ஒன்று நான் கேள்விப்படாதது: ‘ஆழத்தில் இரு’.
கிடைத்த இடம்: மூன்றாம் குளம், மழை நாள்.
முட்டையிலிருந்து வராதது இது ஒன்றுதான்.

புல்லுக்குள் கூட்டிப்போனேன்.
எலி மாதிரி ஏதோ குறுக்கே வந்தது, நிலை நாலு.
என்ன செய்ய, என்றது திரை.
ஆழத்தில் இரு, என்றேன்.
இருந்தது.
எலி காற்றைக் கடித்தது, இன்னொரு முறை கடித்தது,
அலுத்துப்போய் ஓடிவிட்டது.
சேறு சொட்டத் தலையை நீட்டி
அது என்னைப் பார்த்தது.
அல்லது பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள்.

சான்பாடா போயே போய்விட்டது.
கோடவுனில் திருப்பி வந்த பார்சல்கள் எனக்காகக் காத்திருக்கும்,
சூப்பர்வைசர் அரைநாளைக் கழித்துவிடுவார்.
ஜூயிநகரில் இறங்கி, படியேறி, படியிறங்கி,
எதிர்ப்பக்கம் நின்றேன். எட்டு நிமிடம்.

பெட்டி பதினேழில் இருபத்தொன்பது கோழைகள்.
ஒரு கட்டம் காலி.
தாயை அதில் வைத்தேன்.

வண்டி வந்தது.
பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன்.