விடுபட்ட கட்டங்கள்

இது நாற்பத்தோராவது விண்ணப்பம்.
முதல் பன்னிரண்டுக்கும் பதில் இல்லை.
பதின்மூன்றாவதுக்கு வந்தது:
"அன்புள்ள திரு. கோகுலவத,"
படிவத்தின் பெயர்க் கட்டத்தில்
அதற்குமேல் எழுத்துக்கு இடமில்லை.
ஆணாகவும் அரைப் பெயராகவும்
நிராகரிக்கப்பட்டேன்.
அதையும் பதிந்து வைத்தேன்,
திகதி, நாடு, துறை, முடிவு.
தரவுக்குள் வேலை தேடுகிறவள்
தன் தோல்விக்கு ஓர் அட்டவணை போடாவிட்டால் எப்படி.

பகலில் வந்தாறுமூலையில்
தற்காலிக உதவி விரிவுரையாளர்,
ஆறு மாதத்துக்கொரு தரம்
புதுப்பிக்கப்படும் ஆள்.
பின்னேரம் செங்கலடியில் ரியூஷன், நிகழ்தகவு.
ஒரு பையில் மூன்று சிவப்புப் பந்து, நாலு நீலம்.
பார்க்காமல் கையை விடு.

"மறுகா எப்ப பயணம்?"
பஸ்ஸில் சிவகௌரி கேட்கிறாள்.
எல்லா நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய எழுத்து,
ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம் சின்ன எழுத்து என்று
அவளுக்கும் தெரியும்.
அவள் இருபத்தாறில் நிறுத்திக்கொண்டவள்.
இப்போது வங்கியில், காசாளர்.

இன்றைக்குத்தான் முகம் பார்க்கிறார்கள்.
இரவு பதினொன்று பத்து.
அங்கே பகல் ஒன்று நாற்பது.
கரண்ட் போனாலும் போகும் என்று
போனுக்கு டேட்டாக் காட் போட்டு,
சத்தம் வருமென்று ஃபானை நிறுத்தி,
வியர்த்துக்கொண்டு இருக்கிறேன்.
"பின்னால் ஏதோ இரைச்சல்."
"கடல்" என்றேன். களுவன்கேணிக் கடலை
எந்தப் பொத்தானால் நிறுத்துவது?

மூன்று முகம். நடுவில் இருந்தவர்
என் ஆய்வைத் திறக்கிறார்.
படுவான்கரை மழை, முப்பது வருடம்.
உன்னிச்சைப் பக்கத்து மழைமானி ஒன்றின் நாட்பதிவு,
கொப்பியிலிருந்து
ஒவ்வொரு எண்ணாய் நான் தட்டியது.
"நல்ல வேலை. ஆனால் இங்கே
நூற்றுப் பதினேழு நாள் வெறுமை.
தற்செயலாய் விடுபட்டவையா?"

பாடப்புத்தகக் கேள்விதான்.
தற்செயல் என்றால்
பக்கத்துக் கட்டங்களை வைத்து ஓட்டையை அடைக்கலாம்.
எத்தனை தரம் எழுதியிருப்பேன் கரும்பலகையில்.

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
மார்ச் 6: 4.2
மார்ச் 7: 0
பிறகு ஒரு கோடுகூட இல்லை.
மானி வாசித்த நல்லரெத்தினத்தின் கையெழுத்து
யூலை மூன்றில் திரும்பி வருகிறது,
வேறு மையில், கொஞ்சம் சரிந்து.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
'சித்திரையில் கூடாரத்துக்குள் தண்ணி, முழங்கால் மட்டும்.'
மில்லிமீற்றரில் இல்லை.

"தற்செயல் இல்லை" என்றேன்.
"மழையை அளந்த ஆளும்
ஊரோடு ஓடியிருந்தார்."

"மதிப்பிட்டு நிரப்பியிருக்கலாமே?"

"நிரப்பிப் பார்த்தேன்.
வளைகோடு அழகாய்ப் பொருந்தியது.
பொருந்தியதால்தான் அழித்தேன்."

இடது பக்க முகம் எதையோ எழுதியது.
மற்ற இரண்டும் அசையவில்லை.
யோசனையா, இணைப்பு உறைந்ததா,
அதுவும் தெரியவில்லை.
இரண்டு கிழமையில் அறிவிப்போம் என்றார்கள்.

நாற்பத்தோராவது வரிசை. முடிவு:
அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்,
அழித்தேன், அப்படியே விட்டேன்.
ஃபானைப் போட்டால் கரண்ட் இல்லை.

மறுநாள் செங்கலடி.
மூன்று சிவப்பு, நாலு நீலம்.
பின்வாங்கில் இருந்து ஒரு பொடியன்:
"மிஸ், நாம கையை விடுறதுக்கு முன்னமே
ஆரும் ஒண்டை எடுத்திருந்தா?"

சோக்குக்கட்டியைத் தேடினேன்.
கையில்தான் இருந்தது.