இடப்பக்கக் கண்ணாடி

ருமோயில் பனி மேலிருந்து விழாது,
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
சுனெஹிகோவின் பழைய காருக்குக்
கண்ணாடிகள் கதவில் இல்லை;
முன்சக்கரங்களுக்கு மேலே, மட்கார்டில்,
நத்தை நீட்டிய கண்கள் மாதிரி.
கை எட்டாது.
சிக்னலில் இறங்கி ஓடிக்
கையுறையால் துடைப்பது என் வேலை.

ஒன்று கோணிக்கொண்டால் இரண்டு ஆள் வேண்டும்.
அவர் ஸ்டீயரிங் பின்னால் அசையாமல் உட்கார்ந்து
"இன்னும். இன்னும் கொஞ்சம். அடடா, போச்சு" என்பார்.
அவருக்கு என்ன தெரிந்ததோ,
எட்டிப் பார்த்தால் எனக்கு
என் சிவந்த மூக்குதான்.

தலை திருப்பவே வேண்டாம் அந்தக் காரில்,
விழியை இம்மி நகர்த்தினால் போதும்.
பக்கத்தில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாத ஏற்பாடு என்று
விற்றவர் பெருமையாகச் சொன்னாராம்.
பதினொரு வருஷம்
ஓர் இடது காதோடு பேசிக்கொண்டு வந்தேன்.

உப்பு அரித்துத் தரையில் ரோடு தெரிந்ததும்
புது வண்டி.
கதவில் கண்ணாடி. பொத்தானைத் தொட்டால்
தானே திரும்புகிறது.

முதல் நாள், மீன்சந்தை முக்கில்,
முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினார்.
உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.
"என்ன?"
"கண்ணாடி."
பாலத்தில் மறுபடியும்.
"என்ன?"
"கண்ணாடிதான்."
பனி உருகுவதற்குள் கேட்பதை விட்டுவிட்டேன்.

நேற்று வீட்டு வாசலில்
இஞ்சினை அணைத்த பிறகு
இடப்பக்கம் திரும்பினார்.
நானும் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன்.
வண்டி கிண்டி ஒன்றுமில்லை.
அழுக்குப் பனிக்குவியல்,
அதன்மேல் எதையோ கொத்தும் காகம்.